பழுப்பு பெல்ட் அண்ணன்

டுலூத், மினசோட்டா
அக்டோபர் 20, 1996

வெர்லினுக்கு,

கப்பல் கம்பெனிக்குப் போன் செய்தேன். நீ ஏரியின் நடுவில் எங்கேயோ கப்பல் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். ஆகவே கடிதம்.

செப்டம்பரில் நடந்ததை உன்னிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருந்தேன். அன்றைக்கு வேலை நேரமாகி, இருட்டிய பிறகு கடையிலிருந்து திரும்பி, பஸ்ஸை விட்டு இறங்கி, மேட்டில் ஏறும்போது ஒருவன் என் கையைப் பிடித்து இழுத்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனான். பை போனது போகட்டும். உள்ளே இருமல் மிட்டாயும் ஒற்றைக் கையுறையும்தான். ஆனால் நான் கத்தவில்லை, வெர்லின். கையை உதறவும் இல்லை. அவன் போய் வெகுநேரம் ஆன பிறகும் அங்கேயே மரம் மாதிரி நின்றேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, வருகிற அத்தனை பேரையும் அதட்டி உட்காரவைக்கிற நான்!

அன்றிலிருந்து இருட்டிவிட்டால் தனியாக வெளியே கால் வைக்க முடியவில்லை. கடை மூட ஐந்து மணி ஆகிறது. நவம்பர் வந்தால் இங்கே நாலரைக்கே இருட்டு. பக்கத்து வீட்டு ஆர்லோ டால் தினமும் காரில் வந்து கூட்டிப் போகிறார். தங்கமான மனுஷன். ஆனால் கடை வாசல் முதல் வீட்டு வாசல் வரை அன்றைக்கு அவர் வயிறு எப்படி நடந்துகொண்டது என்பதையே சொல்லிக்கொண்டு வருகிறார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பிப்ரவரியில் அவரும் மனைவியும் குளிருக்குப் பயந்து அரிசோனாவுக்குப் போய்விடுவார்கள். அதற்குள் நான் அந்தப் பஸ் நிறுத்தத்திலிருந்து என் வாசல் வரை இருட்டில் தனியாக நடந்தாக வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டியதுதான்.

சண்டைக் கலை ஏதாவது கற்கலாம் என்று பார்த்தால், டெலிபோன் புத்தகத்தின் மஞ்சள் பக்கங்களில் கராத்தே, டேக்வாண்டோ, ஐகிடோ, ஜூடோ என்று வரிசையாகக் கடை விரித்திருக்கிறார்கள். தலை சுற்றுகிறது. நீ கடற்படையில் இருந்தபோது ஒகினாவா தீவில் கராத்தே கற்றவன். எதில் சேரட்டும்? ஒரு பக்கத்துக்குள் சொல்.

மார்லிஸ்


எஸ்கனாபா, இரும்புத்தாதுக் கப்பலிலிருந்து
அக்டோபர் 29

மார்லிஸ்,

ஒரு பக்கத்தில் சொல்ல இது கேக் செய்முறையா?

முதலில் அந்தப் பயல் என் கையில் மட்டும் கிடைக்கட்டும். ஏன் அப்போதே முழுசாகச் சொல்லவில்லை? “சும்மா ஒரு பை போச்சு” என்றாய். இருமல் மிட்டாய் போன மாதிரி சொன்னாய். நானும் அதை நம்பிக்கொண்டு ஏரியில் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

கராத்தே. வேறு கேள்வியே வேண்டாம். டேக்வாண்டோவில் ஆள் தலைக்கு மேலே காலைத் தூக்கச் சொல்வார்கள். உன் முழங்கால் மாடிப்படிக்கே முனகுகிறது. கராத்தேயில் நிற்கக் கற்றுத்தருவார்கள். ஒழுங்காக நிற்கத் தெரிந்தவளை யாராலும் இழுக்க முடியாது. என் ஆசிரியர் எங்களை ஒரு மாதம் முழுக்க நிற்கத்தான் வைத்தார். பிறகு ஒரு குத்து. அந்த ஒரே குத்து. நான் பழுப்பு பெல்ட் வாங்கியது இனாமாக இல்லை. கறுப்புக்கு முந்தியது அது. கறுப்பு வாங்குவதற்குள் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த பெல்ட் இன்னும் சமையலறை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

எப்படி நிற்க வேண்டும் என்று படம் போட்டுச் சேர்த்திருக்கிறேன். கண்ணாடி முன்னால் நின்று பழகு. காகிதத்தில் உள்ள எண்ணெய்க் கறை பன்றிக்கறியுடையது, பொருட்படுத்தாதே.

வெர்லின்


டுலூத்
நவம்பர் 9

வெர்லினுக்கு,

உன் பேச்சைக் கேட்டுக் கராத்தேப் பள்ளிக்குப் போனேன். கடை வளாகத்தில், செயற்கை வெயிலில் உடம்பைக் கறுக்கவைக்கிற கடைக்கும் வீடியோ கடைக்கும் நடுவில் இருக்கிறது. ஆசிரியர் பெயர் ரிக். பெரிய மீசை, சுவர் கொள்ளாத கோப்பைகள். நான் கோட்டைக் கழற்றுவதற்குள் ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்.

“மேடம், ரெண்டே வருஷம். கறுப்பு பெல்ட் உங்க இடுப்புல இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு.”

“எனக்கு பெல்ட் வேண்டாங்க. பஸ் ஸ்டாப்லேர்ந்து வீட்டுக்குப் போகணும், அவ்வளவுதான்.”

“அதுக்கும் நம்மகிட்ட தனி பேக்கேஜ் இருக்கு மேடம்!”

ஒரு வகுப்பு இலவசம் என்றார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வரிசையில் கடைசியில் நின்றேன். நீ போட்ட படம் மாதிரியே நின்றேன். “இது ரொம்பப் பழைய ஸ்டைல் மேடம்” என்று சொல்லி ரிக் என் காலை நகர்த்திவிட்டார். ஒவ்வொரு குத்துக்கும் எல்லோரும் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டுமாம். பிள்ளைகள் கூரை பறக்கக் கத்தின. நான் வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. பக்கத்தில் நின்ற குட்டிப் பெண் என்னைப் பார்த்து, “தொண்டை வலியா ஆன்ட்டி?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பிறகு ரிக் இரண்டு தடவை கடைக்குப் போன் செய்துவிட்டார். வேறு ஏதாவது சொல்.

மார்லிஸ்


கேரி, இந்தியானா
நவம்பர் 17

மார்லிஸ்,

தலையில் அடித்துக்கொண்டேன். கையில் கரண்டி இருந்ததால் வலித்தது.

கடை வளாகத்தில் இருக்கிற இடத்துக்குப் போகச் சொன்னேனா? கராத்தே என்றேன். ரிக் என்றேனா? நல்ல பள்ளியைப் பார்த்தாலே தெரியும்: மரத்தரை, கோப்பை கிடையாது, ஆசிரியர் உன்னைக் கண்டால் சந்தோஷப்படவே மாட்டார். அப்படிப்பட்ட ஒருவர் மினியாபொலிஸில் இருக்கிறார், என்னோடு ஒகினாவாவில் இருந்தவர். சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் போய்வந்தால் என்ன குறைந்துவிடும்?

அதை விட்டுவிட்டு ஐகிடோ பக்கம் போய்விடாதே. பெரிய பாவாடையைக் கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஜூடோவைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அது கட்டிப் புரள்கிற கூத்து.

கத்த வரவில்லை என்பதற்காக விட்டுவிடுவதா? உனக்கா கத்த வராது? கிறிஸ்துமஸ் வான்கோழியை நான் கருக்கிவிட்ட அன்றைக்கு நீ போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

வெர்லின்


டுலூத்
டிசம்பர் 2

என் அருமை அண்ணனே,

பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்க முடியாதவளைப் பஸ் பிடித்து நூற்றைம்பது மைல் தள்ளி மினியாபொலிஸுக்குப் போகச் சொல்கிறாய். எழுதியதைத் திரும்பப் படிக்கிற பழக்கம் உண்டா உனக்கு?

உன் கடிதம் வந்து சேர்வதற்குள் ஐகிடோவுக்குப் போய்வந்துவிட்டேன். பாவாடை விஷயத்தில் நீ சொன்னது சரி. இனிமையான ஜனங்கள். மூலிகை டீ கொடுத்தார்கள். என் மணிக்கட்டைப் பிடிக்க வந்தவர் மெதுவாகப் பிடித்து, நான் என்ன செய்கிறேன் என்று பொறுமையாகக் காத்திருந்து, நான் ஒன்றும் செய்வதற்கு முன்பே அழகாக உருண்டு விழுந்தார். “உங்க சக்தி அருமையா ஓடுது” என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். என்னைப் பிடித்தவன் காத்திருக்கவில்லை, வெர்லின்.

அப்புறம் ஜூடோ. கத்தாதே, முழுக்கப் படி. லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில், சனிக்கிழமை மதியம். சொல்லித்தருபவள் இர்மா ரோங்கா. சூப்பர் மார்க்கெட்டில் கறி வெட்டுகிறாள். நமக்கு ஈஸ்டருக்குப் பன்றித்தொடை ஹாம் கட்டிக்கொடுப்பவள் அவள்தான். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. நாற்காலியைக் காட்டி, “உக்காந்து பாருங்க. பிடிச்சா வாங்க” என்றாள். ஒப்பந்தம் இல்லை. போன் நம்பர்கூடக் கேட்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் நானே போய்க் கேட்டேன். “தெருவுல ஒருத்தன் கையைப் பிடிச்சா, இது உதவுமா?”

“தெரியலைங்க,” என்றாள். “உதவும்னு சொன்னா பொய். கீழே விழுந்தா அடிபடாம விழவும், விழுந்தா எழுந்திருக்கவும் சொல்லித்தரேன். அதுக்கு நான் உத்தரவாதம். மத்ததுக்கு இல்லை.”

இத்தனை பேரில் ‘தெரியலை’ என்று சொன்னவள் இவள் ஒருத்திதான். சேர்ந்துவிட்டேன். இப்போது விழுந்துகொண்டிருக்கிறேன். விழும்போது கையால் தரையை ஓங்கித் தட்ட வேண்டும். இடுப்பெல்லாம் நீலம் பூத்திருக்கிறது. ஆர்லோ கேட்டதற்கு விழுந்துவிட்டேன் என்றேன். அது உண்மைதானே.

இருட்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. போன வியாழன் ஆர்லோ வரத் தாமதமாயிற்று. நாமே போய்விடலாம் என்று கடைக் கதவு வரை வந்தேன். கைப்பிடியைத் தொட முடியவில்லை.

மார்லிஸ்


எஸ்கனாபா
டிசம்பர் 13

மார்லிஸ்,

விழக் கற்றுக்கொள்கிறாயா! உலகத்தில் யாராவது விழுவதற்கு ஆசிரியர் வைத்துக்கொள்வார்களா? டுலூத்தில் ஜனவரி மாதம் வாசலைத் தாண்டினால் தானாக விழலாமே, இலவசமாக! கறி வெட்டுகிறவள் ‘எனக்குத் தெரியாது’ என்கிறாள், நீ அதைக் கேட்டு மயங்கிப்போய்ச் சேர்ந்துவிட்டாய். பல்லைப் பிடுங்கப் போன இடத்தில் வைத்தியர் ‘தெரியாது’ என்றால் வாயைத் திறந்து காட்டுவாயா?

நீ விழுந்தால் உன்னைக் கொன்றுபோட அவனுக்கு வசதி. நிற்க வேண்டும், மார்லிஸ். நிற்க வேண்டும். எனக்கு இங்கே தூக்கம் வரவில்லை. போன வாரம் மூன்று பேருக்கு உப்பு போடாத சூப் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி நடுவில் கப்பலை ஸ்டர்ஜன் பேயில் கட்டிவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க எனக்கு அங்கேதான் காவல் ஆட்களுக்குச் சமைக்கிற வேலை. அதற்கு முன் சில நாள் லீவு இருக்கிறது. நேரே உன் சர்ச்சுக்கு வருகிறேன். அந்தக் கூத்தை என் கண்ணால் பார்க்க வேண்டும். பெல்ட்டை எடுத்துவைத்துவிட்டேன்.

வெர்லின்


டுலூத்
டிசம்பர் 20

வெர்லினுக்கு,

வா. தாராளமாக வா. பெல்ட்டை மட்டும் இழுப்பறையிலேயே வைத்துவிட்டு வா.

இர்மாவிடம் சொன்னேன். அவள் சொன்னது இது: “உங்கண்ணன் வரட்டும். வெள்ளை பெல்ட் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். வேற பள்ளியிலேர்ந்து வந்தா, என்ன நிறமா இருந்தாலும் இங்க வெள்ளைதான்.” உன்னைச் சிறுமைப்படுத்த இல்லை. எதிரே நிற்பவர் பெல்ட்டைப் பார்த்துத்தான் எவ்வளவு வேகமாகத் தூக்கிப் போடலாம் என்று முடிவு செய்கிறார். வெள்ளை என்றால் இந்த ஆளுக்கு விழத் தெரியாது, பூப்போலப் போடு என்று அர்த்தம். பழுப்பு என்றால் தாராளமாகப் போடலாம். அங்கே பழுப்பு கட்டியவர்கள் பல வருஷம் விழுந்தவர்கள். நீ ஒருநாளும் விழுந்ததில்லை; உன் கராத்தேயில் நிற்கத்தானே சொல்லிக்கொடுத்தார்கள்.

புரிந்ததா? கெஞ்சிக் கேட்கிறேன்.

மார்லிஸ்


ஸ்டர்ஜன் பே, விஸ்கான்சின்
பிப்ரவரி 4, 1997

மார்லிஸ்,

இடது கையால் எழுதுகிறேன். படிக்க முடியாவிட்டால் உன் ஜூடோ வகுப்பு டோரீனிடம் கொடு, பல் ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்கிறாளே, அவளிடம். அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

வெள்ளையைக் கட்டிக்கொண்டேன்தான். கறிக்காரி முன்னால் கட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயதுக்காரன் முதல்நாள் பள்ளிக்கூடம் போகிற மாதிரி இருந்தது. பழுப்பு பெல்ட் பையில் இருந்தது. இர்மா மேலே போதகரோடு கொதிகலனைப் பற்றிச் சண்டை போடப் போனாள். நான் கழிப்பறைக்குப் போய் மாற்றிக்கொண்டேன். ஆமாம், மாற்றினேன். அது என் பெல்ட். திருடியதில்லை.

அந்த டோரீன் அப்போதுதான் வந்தாள். என் தோளுக்கு இருப்பாள். என் பெல்ட்டைப் பார்த்தாள், சந்தோஷமாகச் சிரித்தாள், குனிந்து வணங்கினாள். நானும் வணங்கினேன். ஒழுங்காக நின்றேன். ஒகினாவாவில் நின்ற மாதிரியே நின்றேன். அடுத்ததாக நான் பார்த்தது கூரை விளக்கை.

தோளில் காறை எலும்பு முறிந்தது பரவாயில்லை. நீ சிரித்தாய். நான் விரிப்பில் கிடக்கிறேன், நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாய். ஆஸ்பத்திரியிலும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ‘வெள்ளைன்னு சொன்னேனே’ என்றாய். எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, ராத்திரி அங்கேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபத்தில் “என் கண்ணு முன்னால நிக்காதே, போ” என்றேன். ‘போ’ என்றால் போய்விடுவதா? நீ போன பிறகுதான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே கன்னங்கரேல் என்று இருட்டு. எழுந்து ஓடிவரவும் முடியவில்லை. இர்மா கொண்டுவந்து விட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தானே?

மறுநாள் காலை உன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் நேரே இங்கே பஸ் ஏறிவிட்டேன். ஆர்லோ அரிசோனா போய்விட்டாரா? வேலையை விட்டுவிட்டாயா? ஒரு வரி எழுது. கோபமாகவே எழுது.

வெர்லின்


டுலூத்
பிப்ரவரி 12

வெர்லினுக்கு,

கோபமாகவே எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத நீ இடம் வைக்கவில்லை.

டோரீன் இரண்டு நாள் அழுதாள். உனக்கென்று பெரிய பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கும் கறியும் போட்டு ஹாட்டிஷ் செய்து கொண்டுவந்தாள். நீ ஓடிவிட்டதால் நானே ஒரு வாரம் அதைத் தின்றேன். “பழுப்பு கட்டியிருந்தாரே, பழுப்பு கட்டியிருந்தாரே” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள் பாவம். அவளுக்கு ஒரு கார்டு போடு. இடது கையாலேயே போடு.

இர்மா என்னைக் கொண்டுவிடவில்லை. உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்ததுமே வகுப்புக்குத் திரும்பிப் போய்விட்டாள். பிள்ளைகள் அங்கே காத்திருந்தார்கள். நீ ‘போ’ என்றாயா, நான் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வாசலில் பஸ் நின்றது, ஏறினேன். என் நிறுத்தம் வந்தது, இறங்கினேன். உன்னைத் திட்டிக்கொண்டே இறங்கினேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு. ‘கழிப்பறையில போய் பெல்ட் மாத்துறான், ஐம்பத்திரண்டு வயசு, கழிப்பறையில!’ என்று சொல்லிக்கொண்டே மேட்டில் ஏறினேன். பாதி வழியில் பனிக்கட்டியில் கால் வழுக்கி மல்லாக்க விழுந்தேன். கை தானாகத் தரையைத் தட்டியது. தலை அடிபடவில்லை. எழுந்து, கோட்டைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டினேன். எதிர்வீட்டில் விளக்குப் போட்டு ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். “ஒண்ணுமில்லை, எங்கண்ணன்!” என்று கத்திவிட்டு நடந்தேன்.

வீட்டைத் திறந்து சுவரில் விளக்கு சுவிட்சைத் தேடும்போதுதான், ஏன் இத்தனை இருட்டாக இருக்கிறது என்று தோன்றியது. அப்புறம்தான் விளங்கியது: இருட்டில், தனியாக நடந்து வந்திருக்கிறேன். காலணியைக்கூடக் கழற்றாமல் வாசல் மிதியடியிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. என்னோடு பேசமாட்டேன் என்று நீ நர்ஸிடம் சொல்லியிருந்தாய்.

சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஆர்லோ ஒன்றாம் தேதி கிளம்பிவிட்டார். மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, முதல்முறையாக வேண்டுமென்றே தனியாக வந்து இறங்கினேன். பஸ் போனது. கால் நகரவில்லை. செப்டம்பரில் நின்ற அதே இடத்தில், அதே மாதிரி நின்றேன். இர்மா சொல்லித்தந்தது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அப்புறம் மெல்ல, “பழுப்பு பெல்ட்டாம், பழுப்பு பெல்ட்” என்று முனகிப் பார்த்தேன். ஒரு கால் நகர்ந்தது. குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். மற்ற காலும் வந்தது. ‘மினியாபொலிஸ்’ என்று கத்தும்போது வீட்டு வாசலில் இருந்தேன்.

அதிலிருந்து தினமும் இப்படித்தான் வருகிறேன். வேலையை விடவில்லை. ஜூடோவையும் விடவில்லை. தெருவில் எல்லோரும் எனக்குப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். ஒருத்தரும் கிட்டே வருவதில்லை.

ஆனால் உன்னைத் திட்டச் சரக்குத் தீர்ந்துபோயிற்று, வெர்லின். கழிப்பறை விஷயம் போன வியாழனோடு சப்பென்று ஆகிவிட்டது. கருகிய வான்கோழியை எடுத்துப் பார்த்தேன். பாதி மேட்டிலேயே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கால் தயங்குகிறது. நேற்று வேறு வழியில்லாமல் கவர்னரைத் திட்டிப் பார்த்தேன். அவர்மேல் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை போலிருக்கிறது, மூலையைத் தாண்டவே முடியவில்லை. கடைசியில் ஒரு தபால்காரர் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தேன்.

தோள் எப்படி இருக்கிறது?

மார்லிஸ்


ஸ்டர்ஜன் பே
பிப்ரவரி 15

மார்லிஸ்,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. உடனே எழுதுகிறேன், சூப் அடுப்பில் இருக்கிறது. கருகினால் கருகட்டும். நீ நடந்துவிட்டாய் என்று காவல் ஆட்கள் எல்லோருக்கும் படித்துக்காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் என்றேன்.

இந்தா, பிடி, புதுச் சரக்கு.

நீ போடுகிற காபியை நான் இத்தனை வருஷமும் உன் வீட்டுச் செடிக்குத்தான் ஊற்றினேன். செடி செத்தது அதனால்தான். போன வருஷம் வெட்டிக்கொண்ட தலைமுடி உனக்குப் பொருந்தவே இல்லை. யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். உனக்குப் பாட வராது. சர்ச்சில் உன் பக்கத்தில் யாரும் உட்காராததற்குக் காரணம் மரியாதை இல்லை, உன் பாட்டு. கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தால் இந்தப் பஸ்ஸும் மேடும் எதுவும் வந்தே இருக்காது, பதினெட்டு வயதிலேயே தலைபாடாக அடித்துக்கொண்டேன். அப்புறம் அந்த ஜூடோ: பைஜாமா போட்டவர்கள் மெத்தையில் உருளுவதற்கு வீட்டிலேயே கட்டில் இருக்கிறது. டோரீன் என்னைத் தூக்கிப்போட்டது முழுக்க முழுக்க அதிர்ஷ்டம்.

இது வெள்ளிக்கிழமை வரை வரும். ஒரே நாளில் தீர்த்துவிடாதே. தீர்ந்துவிட்டால் உடனே எழுது. நீ பிறந்த நாளிலிருந்து சேர்த்துவைத்திருக்கிறேன்.

வெர்லின்